பாறைக்கு முன்பே தோண்டலை நிறுத்தியவர்

சிவில் படித்த நாமெல்லாம் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைப் படத்திலாவது பார்த்திருப்போம். அதைக் கட்டிய வாஷிங்டன் ரோப்ளிங்கைப் பற்றி நான் முழுதாகப் படித்தது, சைட் வேலைக்குப் போய் சில வருஷம் கழித்துத்தான்.

1837-ல் பென்சில்வேனியாவில் பிறந்த ரோப்ளிங், 1857-ல் ரென்சலேர் கல்லூரியில் இன்ஜினீயரிங் முடித்தார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் கர்னல் வரை உயர்ந்தார். ஈஸ்ட் நதி மேல் தொங்கு பாலத்துக்குத் திட்டம் போட்டது அவர் அப்பா ஜான் ரோப்ளிங். 1869-ல் கோபுரத்துக்கு இடம் குறிக்கப் படகுத்துறையில் நின்றபோது படகு இடித்து அப்பாவின் கால் நசுங்கியது. ஒரு மாசத்துக்குள் டெட்டனஸ் வந்து போய்விட்டார். வேலை முழுக்க 32 வயசு மகன் தலையில் விழுந்தது.

அஸ்திவாரத்துக்கு ஆற்றடியில் கேய்சன் இறக்கினார்கள். கவிழ்த்துப் போட்ட டம்ளர் மாதிரி, மரத்தால் ஆன பிரம்மாண்டமான பெட்டி. உள்ளே அழுத்தக் காற்றை அடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் வராது. ஆட்கள் அதற்குள் நின்று மண்ணை வெட்டுவார்கள். மேலே கல் கட்டக் கட்டப் பெட்டி கீழே இறங்கும்.

1870 டிசம்பரில் புரூக்ளின் பக்கக் கேய்சனின் கூரை மரத்தில் தீ பிடித்தது. அழுத்தக் காற்றில் தீயைக் கேட்கணுமா! வெளியே தெரியாமல் மரத்துக்குள்ளேயே கனன்றது. மணிக்கணக்கில் உள்ளே நின்று போராடிய ரோப்ளிங்கை உடம்பு முடியாத நிலையில் மேலே கொண்டு வந்தார்கள். கடைசியில் கேய்சனுக்குள் தண்ணீரை விட்டுத்தான் அணைக்க முடிந்தது. அடுத்து இறக்கிய மன்ஹாட்டன் கேய்சனுக்கு உட்புறம் முழுக்க இரும்புத் தகடு அடித்துவிட்டார். நம்மில் பலர் விபத்து ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டு மூடுவதோடு சரி. இவர் டிராயிங்கையே மாற்றினார்.

மன்ஹாட்டனில் வேறு ஆபத்து காத்திருந்தது. ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். அங்கிருந்து சட்டென்று வெளியே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும். மூட்டு பிடிக்கும், கைகால் விழும், உயிரும் போகும். அந்தக் காரணம் அன்று யாருக்கும் புரியவில்லை. ஆழத்துக்கேற்ப வேலை நேரத்தைக் குறைத்தார்கள், டாக்டர் வைத்தார்கள். அப்படியும் நோய் கண்டவர்கள் 110 பேர். 1872 ஏப்ரல், மே மாதங்களில் மூன்று பேர் செத்தார்கள்.

பாறை இன்னும் தட்டுப்படவில்லை. துளை போட்டுப் பார்த்ததில் அது மேடும் பள்ளமுமாகக் கிடந்தது; எல்லா இடத்திலும் அதைத் தொட இன்னும் வெகு ஆழம் போகணும். அடியில் இருந்த மணலும் சரளையும் காலங்காலமாக அசையாமல் இறுகியவை என்று பார்த்து, மே மாதம் 78 அடி சொச்சத்தில் தோண்டலை நிறுத்தினார். பாறை வரை போனால் நாளைக்கு அவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அதற்கு விலை ஆட்களின் உயிர். கோபுரம் இன்றும் அந்த மணல் மேல்தான் நிற்கிறது. கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தியிருந்தால் மூவரும் பிழைத்திருப்பார்களோ என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கு.

அதே நோய் அவரையும் படுக்கையில் தள்ளியது. பின்னாளில் வீட்டு ஜன்னலில் டெலஸ்கோப் வைத்துத்தான் வேலையைப் பார்த்தார். மனைவி எமிலி தாமே இன்ஜினீயரிங் கற்றுக்கொண்டு, அவர் சொன்னதை சைட்டுக்குக் கொண்டு போனார்.

1878-ல் கேபிள் கம்பியில் மோசடி வெளிவந்தது. சோதனையில் தேறிய கம்பியை வழியிலேயே மாற்றி, கழித்துப் போட்டதை அனுப்பியிருந்தான் கான்ட்ராக்டர். கேபிளில் ஏறிவிட்ட கம்பியைப் பிரிக்க வழியில்லை. ரோப்ளிங் கணக்கு போட்டுப் பார்த்தார். தேவையைப் போல் ஆறு மடங்கு பலம் வருமாறு முதலிலேயே டிசைன் செய்திருந்ததால், அந்த மட்டமான கம்பியோடும் பாலம் தாங்கும். இருந்தும் கேபிளுக்கு 150 நல்ல கம்பிகள் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். எனக்கெல்லாம் அதுவரை சேஃப்டி ஃபேக்டர் என்றால் பரீட்சையில் போடும் ஓர் எண், அவ்வளவுதான்.

1883 மே 24-ல் பாலம் திறந்தது. விழாவுக்கு அவரால் போக முடியவில்லை. ஆனாலும் ஆயுசு கெட்டி. 1926-ல், 89 வயதில்தான் காலமானார்.