நட்பைக் கேட்ட பேராயர்

ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஒரு தமிழர். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

ஜாலான் புசார் வட்டாரத்தில் சற்று நடந்தாலே பல தேவாலயங்களைக் காணலாம். ஓஃபிர் ரோட்டில் 1888ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட லூர்து அன்னை தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் நீண்ட வரலாற்றைச் சொல்கிறது. பேராக் ரோட்டில் சீனக் கிறிஸ்துவர்களின் ஆங்கிலிக்கன் தேவாலயம் உள்ளது. இங்கெல்லாம் ஆசியர்கள் தலைமை தாங்குவது இன்று இயல்பாகத் தெரிகிறது. அசரியாவின் வாழ்க்கையைப் படித்தபோது, அந்த இயல்புநிலை எளிதில் வந்துவிடவில்லை என்பது எனக்கு விளங்கியது.

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளை கிராமத்தில் பிறந்தார். தந்தை கிராமத் திருச்சபையின் குரு. அசரியா சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்தார். ஆனால் பட்டம் பெறவில்லை. பிறகு இளம் கிறிஸ்துவ ஆடவர் சங்கத்தில் சேர்ந்து, தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்து பணியாற்றினார். 1898ஆம் ஆண்டு திருமணம் செய்துகொண்டபோது வரதட்சணை வாங்க மறுத்தார். மேடையில் பேசுவதை வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு அந்த வயதிலேயே இருந்தது.

1902ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்துவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூர்களுக்கு ஊழியர்களை அனுப்பி வந்தனர். இது அவரைச் சிந்திக்க வைத்தது. வெளிநாட்டார் தரும் பணத்தையும் வழிகாட்டுதலையும் எதிர்பார்த்தே இந்தியத் திருச்சபை எத்தனை காலம் இருக்கும்? அதற்கு அவர் கண்ட விடைதான் 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம். இந்தியர் பணம், இந்தியர் நிர்வாகம், இந்திய ஊழியர்கள் என்பதே அதன் அடிப்படை.

அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த களம், நிஜாம் ஆட்சியில் இருந்த தெலுங்குப் பகுதியான தோர்ணக்கல். மற்றவர்களை அனுப்பிவிட்டு ஊரில் இருக்க அசரியாவுக்கு மனம் வரவில்லை. 1909ஆம் ஆண்டு, நல்ல பதவியை விட்டுவிட்டு அவரே அங்கு சென்றார். முப்பது வயதைக் கடந்த பிறகு தெலுங்கு மொழியைக் கற்றுக்கொண்டார்.

மறு ஆண்டு அவருக்குப் பெரிய சோதனை வந்தது. 1910ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடைபெற்றது. ஏறத்தாழ 1,200 பேராளர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அங்கே பேச அழைக்கப்பட்ட அசரியா, நன்றி கூறிவிட்டு அமர்ந்திருக்கலாம். அவரோ, வெள்ளையர்கள் இந்தியர்களுக்காகச் செய்த தியாகங்களை மதித்துப் பேசிவிட்டு, இந்திய ஊழியர்களை அவர்கள் சமமானவர்களாக நடத்துவதில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னார். தானமும் தியாகமும் போதாது, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம். அரங்கில் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் அந்த மாநாட்டைப் பற்றி எழுதுவோர் இன்றும் முதலில் நினைவுகூர்வது அந்தப் பேச்சைத்தான்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38. ஓர் இந்தியரின் கீழ் பணியாற்ற ஐரோப்பியர் சிலர் தயங்கினர். அவரது சாதியைக் காரணம் காட்டி இந்தியர்களிலும் எதிர்த்தவர்கள் இருந்தனர்.

அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, ஊர் ஊராகச் சென்றார். சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களே அவரது திருச்சபையில் பெரும்பாலோர். அசுத்தம், நோய், கடன், குடி ஆகிய நான்கையும் எதிர்த்துப் போராடக் கற்றுக்கொடுத்தார். கிராமப் பள்ளிகளுக்கு முக்கியத்துவம் தந்தார். 1924ஆம் ஆண்டில் அவரது பேராயத்தில் ஆங்கிலேயக் குருமார் 8 பேர், இந்தியக் குருமார் 53 பேர். 1939ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் இந்துக் கோயில், இஸ்லாமியக் கட்டடக் கலைகளின் சாயலையும் காணலாம்.

காந்தியடிகளுடன் அவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. மதம் மாறுவது ஒருவரின் சொந்த உரிமை என்று அசரியா நம்பினார். மதமாற்றப் பணியை காந்தி ஏற்கவில்லை. ஆனால் கிறிஸ்துவர்களுக்குத் தனித் தொகுதிகள் வேண்டாம் என்று அசரியா உறுதியாக நின்றார். அவை தம் சமூகத்துக்கு அரசியல் ஆதாயம் தந்திருக்கும். இருந்தும், மக்களைச் சமய வாரியாகப் பிரிக்கும் என்பதால் வேண்டாம் என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மீது மதிப்பு கூடியது. நம் பக்கத்துக்கு நன்மை தரும் ஒன்றை, அது பொதுவில் தீமை என்று தெரிந்தால் நாம் மறுப்போமா? உயர்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பொறுப்புகளை ஏற்கும் இளையர்கள், பதவி கைக்கு வருமுன்னரே இதைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

பல திருச்சபைப் பிரிவுகளை ஒன்றிணைக்க அசரியா பல ஆண்டுகள் உழைத்தார். 1945ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி தோர்ணக்கல்லில் காலமானார். அவர் விரும்பிய தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி உருவானது. அதைக் காண அவர் இல்லை.