அளந்தறிந்த அறிஞர் டொக்டர் சுப்பாராவ்

உலகிற் பிறந்தார் பலர்; அவருட் பெரும்பணி ஆற்றினார் சிலர். பெரும்பணி ஆற்றியும், தம் பெயர் பின்னிற்கத் தம் செயல் மட்டும் நாடோறும் மக்களுக்குப் பயன்படுமாறு வாழ்ந்து மறைந்தார் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் டொக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் கல்லூரியின் விழா மலரிலே அவர் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற யாம் விரும்பியதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அவர் நம்மைப் போலவே ஓர் இந்துப் பாடசாலையின் பழைய மாணவர். மற்றொன்று, நம் வன்னி நிலத்தை இன்று வாட்டுகின்ற நோயொன்றில் உடம்பின் நிலையை அளந்தறியும் வழியிலே அவருடைய உழைப்பும் கலந்திருக்கின்றது.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தையார் பெயர் ஜகந்நாதம். தாயார் பெயர் வெங்கம்மா. தந்தையாரைப் பெரிபெரி என்னும் நோய் பற்றியமையால் அவர் காலத்துக்கு முன்னரே உத்தியோகத்தை விட்டு விலக நேர்ந்தது. பிள்ளைகள் பலர் உள்ள குடும்பத்தில் வருவாய் நின்றால் வருந் துன்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இளமையிற் சுப்பாராவ் கல்வியில் ஊக்கம் மிக்கவராயிருந்தார் என்று சொல்லுதற்கில்லை. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் தேடலாம் என்றெண்ணி வீட்டை விட்டுப் புறப்பட்டார். தாயார் அவரை மீட்டு வந்து மறுபடியும் பாடசாலைக்கு அனுப்பினார். ஆயினும் மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தோல்வியுற்றார். பின்னர்ச் சென்னை திருவல்லிக்கேணியிலுள்ள இந்து உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்து, மூன்றாம் முறையே சித்தியெய்தினார். பரீட்சையிலே தவறியவுடன் மனம் மடிந்து புத்தகத்தைக் கட்டி மூலையில் வைக்கும் மாணவர் இதனை ஊன்றி நோக்குவாராக. போரினாலும் இடப்பெயர்வினாலும் படிப்பு முறிந்து, காலந் தாழ்த்து மீண்டும் பரீட்சைக்கு அமர்ந்த நம் பழைய மாணவர் பலர்க்கு இவ்வரலாறு புதுமையாகத் தோன்றாது.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற காலத்தில் அவருள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண சங்கத்திற் சேர விரும்பினார். சங்கத்தாரோ அவரை மருத்துவம் கற்று மக்கட்குத் தொண்டு செய்யுமாறு நெறிப்படுத்தினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1919இல் சேஷகிரி என்னும் பெண்மணியை மணந்தார். மாமனார் பொருளுதவி செய்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்ட அவர் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். அது கற்பித்த ஆங்கிலேயப் பேராசிரியர்க்கு உவப்பாயிற்றில்லை. தேர்வெழுதியும் அவருக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடையாமல், அதனிற் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

இக்காலத்திலேதான் அவர் வாழ்வை மாற்றிய பெருந்துயரம் நேர்ந்தது. உடன்பிறந்தார் இருவரை, உணவின் சத்தை உடம்பு ஏற்காது கழிந்துபோகச் செய்யும் ஸ்புரூ என்னும் நோய் அடுத்தடுத்துக் கொண்டுசென்றது. அன்றிருந்த மருந்து எதுவும் அவர்களைக் காக்கவில்லை. நோய்க்குப் பெயர் தெரியும், மருந்து தெரியாது. இந்நிலை அவரை உறுத்தியது. சிலகாலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்த பின்னர், 1920களின் தொடக்கத்திற் கப்பலேறி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் மீள்வதாக மனைவியாரிடம் சொல்லிச் சென்றார்.

பொஸ்ரனில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிற் பயின்றார். உணவுக்கும் உறையுளுக்கும் வைத்தியசாலையொன்றில் இரவுநேர ஏவலாளராக வேலை செய்தார். மருத்துவச் சான்றிதழ் பெற்ற ஒருவர் நோயாளரின் மலசலக் கலங்களைத் தூய்மை செய்து கூலி பெற்றார். அதனை அவர் இழிவாகக் கருதினாரல்லர்.

பின்னர் அவர் சைரஸ் பிஸ்க் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளக்கும் வழியைத் திருத்துவது. கேட்போர்க்கு இது சிறு தொழிலாகத் தோன்றலாம். அன்று அதன் தேவை எத்துணைப் பெரிதென்பதை இங்கே சற்று விளக்குவாம்.

நம் உடம்பிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும், பொசுபரசில் ஏறக்குறைய எண்பத்தைந்து பங்கும் எலும்பிலும் பல்லிலும் உள்ளன. எலும்பு கல்லைப்போற் கிடப்பதன்று, உயிருள்ள பொருள். நாடோறும் அதிற் சிறிது கரைந்து இரத்தத்திற் சேரும். இரத்தத்திலிருந்து சிறிது எலும்பிற் படியும். ஊரின் குளத்தையும் அதிலிருந்து பாயும் வாய்க்காலையும் போல்வன இவை. எலும்பு குளம், இரத்தம் வாய்க்கால். குளத்திற்குள் இறங்காமலே வாய்க்கால் நீரை அளந்து குளத்தின் நிலையை ஒருவாறு ஊகிக்கலாமன்றோ? அதுபோல, இரத்தத்தின் பொசுபரசை அளந்தால் எலும்பில் நிகழ்வதை உய்த்துணரலாம். குழந்தைகளின் எலும்பு மெலிந்து கால் வளையும் றிக்கெற்ஸ் நோயில் இரத்தப் பொசுபரசு பெரும்பாலும் குறைகின்றது என்பதை 1921 அளவில் அமெரிக்க அறிஞரான ஹௌலண்டும் கிராமரும் காட்டியிருந்தனர். கழுத்திலே தைரொயிட்டுச் சுரப்பியை ஒட்டிக் கிடக்கும் பரதைரொயிட்டு என்னும் சிறு சுரப்பிகள் தாமாக அளவு கடந்து தொழிற்படின், எலும்பிலிருந்து கல்சியம் வெளியேறி இரத்தத்திற் பெருகும், பொசுபரசு குறையும். இவற்றையெல்லாம் ஐயமற அறிய நம்பத்தக்க அளவுமுறை வேண்டும். அன்றிருந்த முறைகளுட் சிலவற்றில் நிறம் விரைவில் மங்கும். சிலவற்றில் மெல்லத் தோன்றும்.

பிஸ்கும் சுப்பாராவும் 1925இல் தம் முறையை வெளியிட்டனர். இரத்தத்திற் சிறிதளவெடுத்து, அமிலஞ் சேர்த்துப் புரதத்தை வீழ்த்தி வடித்தல் முதற்படி. வடித்த நீரில் மொலிப்தேற்று என்னும் உப்பைச் சேர்த்தல் இரண்டாம் படி. பொசுபரசு அதனோடு கூடும். பின்னர்த் தாழ்த்தும் பொருளொன்றைச் சேர்க்க நீலநிறந் தோன்றும். பொசுபரசு மிகுந்தால் நீலம் மிகும். குறைந்தால் நீலம் குறையும். அளவு தெரிந்த கரைசலொன்றின் நீலத்தோடு நிறமானியில் ஒப்பிட்டு அளவைத் துணியலாம். இம்முறை சில நிமிடங்களில் முடிவு தருவது. குறைந்த இரத்தத்தில் நிறைந்த நுட்பம் உடையது. பிஸ்க்-சுப்பாராவ் முறை என்னும் பெயரோடு உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்களில் அது பரவிற்று. உயிர்வேதியியல் மாணவர் இன்றும் அதனைக் கற்கின்றனர். வளர்ந்தோர் இரத்தத்தில் நூறு மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை பொசுபரசு இருத்தல் இயல்பு. இத்துணைச் சிறு அளவை ஒரு நீலநிறத்தைக் கொண்டு பிடித்தது அவர்தம் திறமை.

இம்முறையே மற்றொரு பெரிய உண்மைக்கும் வாயிலாயிற்று. தசையிலிருந்து எடுத்த சாற்றைச் சோதித்தபோது நீலநிறம் வழக்கம்போல் உடனே முழுமையாகத் தோன்றாமல், மெல்ல மெல்ல ஏறிற்று. வேறொருவராயின் கருவியில் வழுவென்று கருதி அதனைப் புறக்கணித்திருப்பர். இவர்களோ அத்தாமதத்தின் காரணத்தைத் தேடினர். தசையிலே பொசுபரசு வேறொரு பொருளோடு தளர்வாகப் பிணைந்திருப்பதும், சோதனையில் அது சிறிது சிறிதாக விடுபடுவதுமே காரணம் என்று கண்டனர். அப்பொருளே பொசுபோகிரியற்றின், 1927இல் அது வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் எகிள்ற்றன் தம்பதியரும் அதனைத் தனியே கண்டிருந்தனர். 1929இல், உயிர்களின் ஆற்றற் செலவுக்கு நாணயம்போற் பயன்படும் ஏ.ரி.பி. என்னும் பொருளையும் பிஸ்கும் சுப்பாராவும் கண்டனர். அதனை ஜேர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டிற் கண்டமை ஈண்டுக் கூறத்தக்கது. 1930இற் சுப்பாராவ் ஹாவார்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

எனினும் அப்பல்கலைக்கழகத்தில் அவருக்கு நிரந்தரப் பதவி கிட்டிற்றில்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ள் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுகூடத்துக்குச் சென்று, பின்னர் அதன் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். அங்கே அவர் தலைமையிற் பணியாற்றிய குழுவினர் செய்தவை வியக்கத்தக்கன. போலிக்கமிலத்தை ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கி 1945இல் அறிவித்தனர். அவர் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. இன்று நம் ஊர்த் தாய்மார் கர்ப்பகாலச் சிகிச்சை நிலையத்திற் பெறும் போலிக்கமில மாத்திரையும் அதுவே. போலிக்கமிலத்தை ஒத்தும் அதன் தொழிலைத் தடுக்கும் பொருள்களையும் அங்கே ஆக்கினர். அவற்றுள் ஒன்றாகிய அமினோத்தெரினைக் கொண்டு, பொஸ்ரனில் சிட்னி பாபர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் சிலகாலமேனும் நலந் தந்தார். 1948இல் அது வெளியாயிற்று. யானைக்கால் நோய்க்கு மருந்தாகிய ஹெற்றாசான் 1947இல் அங்கிருந்தே வந்தது. இலங்கையில் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து நீங்கிற்றென்று உலக சுகாதார நிறுவனம் 2016இற் சான்றளித்தது. அந்த வெற்றிக்கு உதவிய மருந்துகளுள் இதுவும் ஒன்று. டகர் என்னும் முதிய தாவரவியலறிஞர் ஓரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டதும் இவர் பணிப்பாளராயிருந்த காலத்திலேயே.

1948ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஐம்பத்து மூன்றாம் வயதில், நித்திரையில் இதயநோயால் அவர் உயிர் நீத்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. தம் பெயரை முன்னிறுத்தும் இயல்பும் அவர்க்கு இருந்ததில்லை. பிற்காலத்தில் ஒரு பூஞ்சணத்துக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அறிஞர் பெயரிட்டனர். நூற்றாண்டு நிறைந்த 1995இல் இந்தியா அவருக்குத் தபால் முத்திரை வெளியிட்டது.

இவ்வரலாற்றில் ஒரு பக்கம் மட்டுங் கூறி மறுபக்கத்தை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. சில ஆண்டுகளில் மீள்வேன் என்று சென்றவர் மீளவேயில்லை. அவர் சென்ற பின் பிறந்த ஆண்மகவு குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. தந்தை அதன் முகத்தைக் கண்டாரல்லர். சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் காணாமலே காத்திருந்தார். சுப்பாராவின் புகழைப் பேசும்போது, அதற்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவரல்லர் என்பதையும் நினைத்தல் வேண்டும். கடல் கடந்து சென்ற பிள்ளையையும் கணவனையும் எதிர்நோக்கி ஆண்டுகளை எண்ணும் வீடுகள் நம் வன்னியிலும் உள. அவ்வீட்டாருக்கு அம்மையாரின் நிலை எளிதில் விளங்கும்.

இனி, தொடக்கத்திற் சொன்ன நோய்க்கு வருவாம். காரணம் முற்றத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்திற் கவனிக்கப்பட்டது. பின்னர் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் அது காணப்படலாயிற்று. கமஞ் செய்யும் உழைப்பாளிகளையே அது பெரிதும் பற்றுகின்றது. சிறுநீரகம் தளர்ந்தால் மிகுதியான பொசுபரசை வெளியேற்ற இயலாது. அது இரத்தத்திலே தேங்கும். அதனைச் சமன்செய்ய முயலும் பரதைரொயிட்டுச் சுரப்பிகள் ஓயாது தொழிற்பட, எலும்பிலிருந்து கல்சியம் கரையும். இவ்வாறு சிறுநீரகத்தில் தொடங்கிய நோய் எலும்பையும் நலிவிக்கின்றது. ஆகவேதான் மருத்துவர் அந்நோயாளரின் இரத்தப் பொசுபரசைக் காலந்தோறும் அளந்து, உணவையும் மருந்தையும் வகுக்கின்றனர். இக்கால இயந்திரங்கள் நீலநிறத்துக்காகக் காத்திருப்பதில்லை. எனினும் அவற்றுட் பெரும்பாலானவற்றில் நிகழ்வது, பொசுபரசு மொலிப்தேற்றோடு கூடும் அதே செயலே.

இந்நோய்க்குக் காரணம் கிணற்று நீரின் புளோரைட்டா, வன்மையா, பயிர்க்கிடும் நஞ்சா, வெயிலா என்று பலர் பலவாறு கூறுகின்றனர். உறுதியாகச் சொல்லுமுன் அளக்க வேண்டும். அளந்தது எதிர்பார்த்ததற்கு மாறாயிருந்தால், அம்மாற்றத்தையே ஆராய வேண்டும். சுப்பாராவ் வாழ்வு நமக்குக் கற்பிப்பது இதுவே. பரீட்சையில் இருமுறை தோற்ற ஒருவர், மெல்ல ஏறிய ஒரு நீலநிறத்தைப் புறக்கணியாமையால் உயிரின் இரகசியம் ஒன்றைக் கண்டார். நம் கிணறுகளின் நீரையும் நம் மக்களின் குருதியையும் அத்தகைய பொறுமையோடு அளந்து, இந்நோயின் வேரைக் காண்பதற்கு நம் கல்லூரியிலிருந்தே ஒரு மாணவனோ மாணவியோ புறப்படுதல் வேண்டும். அதுவே இவ்விழா நாளில் யாம் இறைவனை வேண்டும் வரம்.