சேவகம் போற்றிய செம்மல் தளபதி திம்மையா

தமிழில் சேவகம் என்னும் சொல்லுக்கு வீரம் என்றும் ஊழியம் என்றும் இருபொருள் உண்டு. சேவுகம்பட்டி என்னும் நம் வட்டாரத்து ஊர்ப்பெயரைக் கேட்குந்தோறும் அச்சொல் நினைவில் எழுகின்றது. வீரமும் ஊழியமும் ஒருவழிச் செல்லும்வரை படைத்தலைவனுக்கு இடர் இல்லை. தன் அறிவு ஒன்றைக் காட்ட, அரசு வேறொன்றைப் பணிக்குமாயின் அவன் யாது செய்தல் வேண்டும்? மன்றேறி அரசைக் கண்டிப்பதா? வாய் பொத்திப் பணிவதா? இவ்வினாவைத் தம் வாழ்வில் எதிர்கொண்டவர் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி கே. எஸ். திம்மையா ஆவார்.

இளமையும் கல்வியும்

திம்மையா 1906 மார்ச் 31 அன்று குடகு நாட்டு மடிக்கேரியில் பிறந்தார். குன்னூரிலும் பெங்களூரிலும் பள்ளிக்கல்வி பெற்றார். டேராடூனிலும் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டிலும் படைக்கலை பயின்று 1926இல் படை அதிகாரியானார். அலகாபாத்தில் பணியாற்றிய காலத்தில், அயலார் படையில் ஊழியம் புரிதல் தகுமா என்னும் ஐயம் அவரை வருத்தியது. பணியைத் துறக்கலாமா என மோதிலால் நேருவிடம் கேட்டார் என்றும், விடுதலை பெறும் நாட்டிற்குப் பயின்ற படைத்தலைவர்கள் வேண்டும் என்று கூறி அவர் தடுத்தார் என்றும் வரலாறு கூறுகின்றது.

களங்கண்ட வீரம்

இரண்டாம் உலகப்போரில் பர்மாவின் அரக்கான் பகுதியில் போரிட்டுப் புகழ்பெற்றார். போர்க்களத்தில் காலாட்படைப் பிரிகேடு ஒன்றிற்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் இவரே. 1948 நவம்பர் 1 அன்று காசுமீரத்தின் சோசிலா கணவாயில், ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில், டாங்கிகளை ஏற்றி வென்ற படைக்கு இவர் தலைவர். 1953இல் கொரியப் போர்க்கைதிகளை அவரவர் நாட்டிற்கு அனுப்பும் நடுநிலை நாடுகளின் ஆணையத்திற்குத் தலைமை வகித்தார்.

அக்கொரியப் போரில்தான் அமெரிக்கத் தளபதி மக்கார்தர் தம் அரசின் போர்க்கொள்கையை வெளிப்படையாகக் கண்டித்து, 1951இல் அதிபர் ட்ரூமனால் பதவி நீக்கப்பட்டிருந்தார்.

பதவி துறந்ததும் மீண்டதும்

1957 மே 8 அன்று திம்மையா தலைமைத் தளபதியானார். பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ணமேனனோடு பதவி உயர்வு முதலியவற்றில் அவருக்குக் கருத்து வேறுபாடு முற்றியது. அமைச்சரைக் கடந்து தலைமை அமைச்சர் நேருவிடம் தம் குறைகளை எடுத்துரைத்தார். அது மேனனைச் சினமுறச் செய்தது. 1959 ஆகஸ்டு 25இல் வடகிழக்கு எல்லையில் லாங்சு என்னுமிடத்தில் சீனப்படையோடு மோதல் நிகழ்ந்திருந்த வேளை அது. ஆகஸ்டு 31 அன்று திம்மையா விலகல் மடலை அளித்தார். நேரு வேண்டியதற்கிணங்க அதனைத் திரும்பப் பெற்றார். ஆயினும் செய்தி நாளிதழில் வெளியாகிவிட்டது. செப்டம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில் நேரு, படைக்கு மேலாகக் குடியாட்சி நிற்றல் வேண்டும் என வலியுறுத்தித் தளபதியின் செயலைக் குறைகூறினார்.

நேருவின் அச்சம் வெற்றச்சம் அன்று. 1958 அக்டோபரில் அண்டை நாடாகிய பாகிஸ்தானில் தளபதி அயூப்கான் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். நம் திண்டுக்கல்லில் 1755இல் பௌசுதாராக அமர்ந்த ஐதர் அலி, 1761இல் மைசூர் ஆட்சியையே தம் கைக்கொண்டதும் எண்ணத்தக்கது. ஆயின் 634இல் கலீபா உமர் (ரலி) தலைமைப் பொறுப்பினின்று விலக்கியபோது, காலித் பின் வலீத் (ரலி) முணுமுணுப்பின்றி அபூஉபைதா (ரலி) அவர்களின்கீழ் நின்று போரிட்டமை, பணிதலும் வீரமே என்பதைக் காட்டும்.

ஓய்விற்குப் பின்

திம்மையா பதவியிலிருந்தவரை மேடையேறி அரசைத் தூற்றவில்லை. 1961 மே மாதம் ஓய்வு பெற்றார். 1962 சூலையில் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில், சீனத்தைத் தனித்து நின்று போரில் எதிர்கொள்ள இந்தியாவால் இயலாது என்றும், அச்சிக்கலை அரசியலாரும் தூதரும் தீர்க்க வேண்டும் என்றும் குறித்தார். மூன்று திங்களில் போர் மூண்டது. தக்க குளிர்காப்பு உடையும் போதிய படைக்கலனும் இன்றிப் பனிமலையில் வீரர் பலர் மாய்ந்தனர். மேனன் பதவி இழந்தார்.

முடிவுரை

பணியிலுள்ள தளபதி வீதியில் அரசைக் கண்டித்தல் தகாது. வாளேந்தியவன் சொல் கருத்தாக மட்டும் நில்லாது, அச்சுறுத்தலாகவும் ஒலிக்கும். ஆனால் அவன் வெளியே வாய் திறவாதிருக்க வேண்டுமாயின், அறையினுள்ளே அவன் உரைப்பதைச் செவிமடுக்கும் கடன் அரசுக்கு உண்டு. 1959இல் அக்கடன் தவறியது. விலகல் மடலைத் திரும்பப் பெற்றதால் தளபதியின் சொல்லும் வலுவிழந்தது. துறந்தவர் துறந்தே நின்று, குடிமகனாய் அன்றே பேசியிருப்பின், நாடு மூன்றாண்டு முன்னரே விழித்திருக்கவும் கூடும்.

ஐக்கிய நாடுகளின் அமைதிப்படைத் தலைவராய்ச் சைப்ரஸ் தீவில் பணியாற்றுங்கால், 1965 டிசம்பர் 18 அன்று திம்மையா மறைந்தார். சேவகம் என்னும் சொல்லின் இருபொருளுக்கும் ஒருங்கே உரியவராய் வாழ்ந்த அப்பெருமகனாரின் வாழ்வு, பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் பாடமாகும்.