வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன்

துப்பாக்கி ஏந்திய ஒருவரின் சரித்திரத்தை நமது பத்திரிகையில் வரைவானேன் என்று அன்பர்களிற் சிலர் வினவக்கூடும். நாள்தோறும் முதற் சீலத்தை ஓதும் நாம் அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் துக்கம் ஒன்று தோன்றுமிடத்து அதன் காரணத்தைத் தேடுவதே ததாகதர் காட்டிய வழியாகும். மனிதரைக் கொல்லும் விலங்கு எக்காரணத்தால் உண்டாகிறது என்பதை நமது பெங்களூரில் வாழ்ந்த ஒருவர் காட்டிலேயே கண்டு எழுதி வைத்துள்ளார். ஆதலின் அன்னாரது வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம்.

கென்னத் ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ந் தேதி ஐதராபாத் சமஸ்தானத்துப் பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து வந்து பல தலைமுறைகளாக இந்நாட்டிலேயே தங்கிவிட்ட குடும்பம் அது. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித ஜோசப் கல்லூரியிலும் கற்றார். சட்டம் பயில எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டும் படிப்பை முடியாமலே திரும்பிவிட்டார். தபால் தந்தி இலாகாவில் 15 ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவு மானேஜராக இருந்தார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் காட்டுக்கே சென்றார். ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, அவ்வோசைக்கே உறங்கி வாழ்ந்த நமக்கு, அவர் மனம் ஏன் அவ்விதம் காட்டை நாடியது என்பது ஒருவாறு விளங்குகிறது.

அவருக்குக் கன்னடமும் தமிழும் பேசவரும். சேலம் ஜில்லாக் காடுகளில் அவருக்குத் துணையாயிருந்தவர் பைரா என்னும் பூசாரி வகுப்புக் காட்டுவாசி. எழுத்தறியாத இவர் அடிச்சுவடு பார்த்துக் கூறும் செய்தியைக் கல்லூரியில் கற்ற துரைமகன் கைகட்டிக் கேட்டார். காட்டுக் கல்வியில் தமக்கு ஆசானாயிருந்தவரைத் தம் நூலில் ஓர் அத்தியாயத்திற்கே பெயராக வைத்தும் போற்றினார். பிறப்பால் கீழென்று ஒதுக்கப்பட்டோரிடம் உள்ள ஞானம் அச்சில் ஏறுவது அருமையாதலின், இதனை நாம் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம்.

1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகள், பதிவில் உள்ளபடி, சிறுத்தைகள் 8, புலிகள் 7. ஆட்கொல்லிகளைப் பற்றிய அவரது முதல் நூல் 1954-இல் வெளியாயிற்று. அதனைத் தொடர்ந்து பல நூல்கள் வந்தன. ஜவளகிரி, கும்மளாபுரம், சிவனபள்ளி என இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள நம் தமிழ்நாட்டு எல்லையூர்கள் உலகெங்கும் அறியப்பட்டது அவற்றால்தான். வேட்டையில் அவர் கண்ட இன்பத்தை நாம் போற்றுவதற்கில்லை. அவர் கண்ட காரணங்களையே கவனிப்போம்.

கும்மளாபுரத்துச் சிறுத்தை 42 பேரைக் கொன்றதென்பர். அது வீழ்ந்த பின்னர் ஆராய்ந்ததில், முள்ளம்பன்றியின் முட்கள் பாதத்தில் தைத்து உள்ளேயே ஒடிந்திருக்கக் கண்டனர். மானைத் துரத்த இயலாத கால் மனிதனைத் தேடி வந்தது. ஜவளகிரிப் பெண்புலியோ மனிதரின் குண்டால் காயமுற்ற பின்னரே கொடியதாயிற்று. ஊருக்கு ஊர் இக்கதையே வேறு வேறு வடிவில் வருகிறது. கள்ள வேட்டைக்காரர் நீர்நிலையருகே பதுங்கியிருந்து மான்களைச் சுட்டுத் தீர்ப்பர். இரையற்ற விலங்கு மாட்டைத் தொடும். மாட்டுக்காரன் அதைக் காயப்படுத்துவான். காயம்பட்டது ஆளைத் தொடும். அங்குலிமாலரும் பிறவியிலேயே கொலைஞராயிருந்தாரில்லை என்பதை அன்பர்கள் இங்கு நினைவு கூர்வார்களாக. அந்த ஆட்கொல்லிகளுக்கு இரையானவர் யார்? விறகு பொறுக்கச் சென்றோர், ஆடு மேய்த்தோர், கதவில்லாக் குடிசையில் உறங்கினோர். அரண்மனையில் இருந்தவர் எவருமிலர்.

இனி நிலத்தின் செய்திக்கு வருவோம். ஆண்டர்சன் எழுதிய கதைகளுள் ஒன்று ஜாலஹள்ளிச் சிறுத்தையைப் பற்றியது. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியக் கைதிகளின் முகாம் அமைந்திருந்த ஜாலஹள்ளி அந்நாளில் நகரத்துக்கு வெளியே புதர்க்காடு சூழ்ந்த சிற்றூர். 1950-களில் எச்.எம்.டி. இயந்திரத் தொழிற்சாலையும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் அங்கு எழுந்தன. ஆயிரமாயிரம் பேருக்குச் சோறிட்ட தொழிற்சாலைகளை நாம் குறை கூறோம். இப்போது அவ்விடத்தில் மெட்ரோ ரயில் ஓடுகிறது.

நிலம் மாறும்போது எல்லா விலங்கும் ஒருங்கே மறைவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை உண்டு. எது அறுகிறதோ அதற்குரியது முதலிற் போகிறது. புலிக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 மான்கள் வேண்டும்; அத்தனை மான் பெருகுவதற்குப் பெருங்காடு வேண்டும். ஆகவே காடு துண்டாகுமிடத்தில் புலி முதலில் நீங்கும். வெளிமானுக்குக் காடு வேண்டாம், திறந்த புல்வெளியே வேண்டும். அப்புல்வெளியைத் தரிசென்று கணக்கெழுதித் தைலமரம் நட்டால், பார்ப்பவர்க்குப் பசுமை, வெளிமானுக்கோ பாழ். இன்று அதைக் காண விரும்புவோர் துமகூரு மாவட்டத்து மைதனஹள்ளிக்குச் செல்லவேண்டும். தேவாங்கு தாவாது; கிளைக்குக் கிளை பற்றியே செல்வது. சாலையை அகலமாக்க ஒரு மரத்தை வெட்டினால் அதன் வழி அறுந்துபோகிறது. பெங்களூரில் பழைய மரங்கள் அடர்ந்த இந்திய விஞ்ஞானக் கழகத் தோட்டம் போன்ற இடங்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறுத்தை மாத்திரம் வேறு வகை. புதரும் பாறையும் இருந்தால் போதும். மான் இல்லையேல் நாயையும் பன்றியையும் தின்று பிழைக்கும். நாம் குவிக்கும் குப்பைக்கு நாய் வருகிறது. நாய்க்குச் சிறுத்தை வருகிறது.

யானையின் கதையே மிகப் பெரியது. நாளொன்றுக்கு 150 கிலோ அளவு தழை தின்னும் உயிர் ஒரே இடத்தில் தங்க இயலாது. பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாகக் காவிரிக்கரை வரை அதன் தொன்மையான பாதை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கூட்டங்கூட்டமாக ஓசூர்ப் பக்கம் இறங்குகின்றன. பாதையின் இருமருங்கிலும் கல்லுடைக்கும் குவாரியும் மனைப்பிரிவும் நெருங்க நெருங்க, வழி தவறி வயலுக்குள் புகுகின்றன. விளைந்த கதிரை இழப்பவன் ஏழைக் குடியானவன். மின்வேலியில் இறப்பது யானை. இருவரும் நம் இரக்கத்திற்குரியோரே.

ஆண்டர்சன் வயது ஏற ஏறத் துப்பாக்கியினும் காமிராவையே நாடினார்; புலிகள் அருகி வருவதைக் குறித்து வருந்தி எழுதினார். 1972-இல் வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974 ஆகஸ்டு 30-ந் தேதி அவர் காலமானார். அவ்வாண்டிலேதான் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவர் நடந்த ஜவளகிரிக் காடு 40 ஆண்டுகள் கழித்து, 2014-இல், காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துள் அடங்கிற்று. 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் சேர்ந்தது. ஒரு புறம் இவ்வாறிருக்க, மறு புறம் பன்னேர்கட்டாவைச் சுற்றிய காப்பு மண்டலம், 2016-இல் வரைந்த 268 சதுர கிலோமீட்டரிலிருந்து, 2020-இல் 168 ஆகச் சுருக்கப்பட்டது. அந்த 100 சதுர கிலோமீட்டரில் எழும் மாளிகைகளுக்குக் கல் சுமப்போரிலும் இரவுக் காவல் நிற்போரிலும் நம்மவர் பலர் உளர்.

ஆண்டர்சனின் உடல் ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அச்சாலையிலேயே தெற்கு நோக்கிச் சென்றால் கூட்லு வரும். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளிடையே ஒரு சிறுத்தை திரிந்தது. எவரையும் கொன்றதில்லை. பாழடைந்த கட்டிடமொன்றில் ஒளிந்திருந்த அதனைப் பிடிக்க முயன்றபோது அது வனத்துறையினர் மேல் பாய்ந்தது. நவம்பர் 1-ந் தேதி குண்டுபட்டு இறந்தது.