கல்வி வாயில் திறந்த அய்யன்காளி

நம் புதுவையோடு ஆட்சியால் இணைந்த மாகி, மலையாள நாட்டின் வடபகுதியில் உள்ளது. அந்நாட்டின் தென்கோடியில், திருவனந்தபுரத்தை அடுத்த வெங்கானூரில், 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் புலையர் குடும்பமொன்றில் பிறந்தவர் அய்யன்காளி. பள்ளிப்படி மிதிக்கும் உரிமை அவர்தம் மக்களுக்கு அன்று இல்லை. எனவே, எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பே அவருக்குக் கிட்டவில்லை.

அத்தகையவர்தாம் தம் ஊரில் ஓலைக் கொட்டகை அமைத்துப் பள்ளி தொடங்கினார். ஆதிக்கச் சாதியினர் அதனை எரித்தனர். அவர் மீண்டும் எழுப்பினார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைப் பள்ளிகளிற் சேர்க்கத் திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டும், அதிகாரிகள் அதனைச் செயற்படுத்தாது கிடப்பிற் போட்டனர்.

அப்போது பெற்றோரின் கையிலிருந்த ஒரே வலிமை அவர்தம் உழைப்பே. பிள்ளைகளுக்குப் பள்ளி திறவாதவரை வயலில் இறங்குவதில்லை என உறுதி பூண்டனர். பசி வாட்டியபோது, விழிஞ்ஞத்து மீனவரின் படகுகளில் தொழிலாளருக்கு இடம் பெற்றுத் தந்து, மீனிற் பங்கு கிடைக்கச் செய்தார் அய்யன்காளி. வயல்கள் தரிசாயின, நிலவுடைமையாளர் இணங்கி வந்தனர்.

பின்னர், பஞ்சமி என்னும் சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அப்பள்ளியே தீக்கிரையாயிற்று. ஆயினும் அவர் தளரவில்லை. மக்கள் அவையாகிய ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினர் என்ற முறையிலும் பள்ளி கேட்டு வாதாடினார். வெங்கானூரில் பள்ளி கிடைத்தது. கற்பிக்க முன்வந்த ஆசிரியருக்கு எதிர்ப்பு எழவே, சங்கத்தார் துணைசென்று அவரைக் காத்தனர். எழுத்தறியாத தந்தையரே அப்பள்ளிக்கு அரணாயினர்.

1937இல் காந்தியடிகள் வெங்கானூர் வந்தபோது, தம் சமுதாயத்தில் பத்துப் பட்டதாரிகளையேனும் காண வேண்டுமென்பதே தம் விருப்பமென அவரிடம் தெரிவித்தார் அய்யன்காளி. 1941ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும். அன்று போராடிப் பெற வேண்டியிருந்த இடம் இன்று சட்டப்படி நம்முடையது. ஆனால், கூட்டத்திற்குச் சென்றால் ஒருநாட் கூலி போய்விடுமே என்றும், படித்தவர் நடுவே நாம் என்ன பேசுவது என்றும் தயங்கும் பெற்றோர் நம்மிடையே உளர். மாதக்கணக்கில் கூலியிழந்து பள்ளி வாயிலைத் திறந்தவர்களும் எழுத்தறியாதவர்களே என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போம். கற்ற இளைஞர்களே! பள்ளிக்கூட்டம் நடைபெறும் நாளில் உங்கள் பெற்றோருக்குத் துணையாகச் செல்லுங்கள். அங்கு வைக்கப்படும் கணக்கையும் திட்டத்தையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கேட்க வேண்டியவற்றை அவர்கள் கேட்பார்கள்.