பரங்கிப்பேட்டை ஹீத் துரை

இரும்பை உருக்குங்கால் உலையினின்று கழிந்து இறுகும் கரிய பொருளைக் கிட்டம் என்பர். சித்த வைத்தியர் பழங்கிட்டத்தை மண்டூரமென்று மருந்துக்குக் கொள்வர், ஏனையோர் வீசியெறிவர். எஃகின் மாசைக் கிட்டத்திற் சேர்த்து நீக்கும் வழியொன்றைக் கண்டு, அதனால் பிறரைச் செல்வராக்கித் தாம் நொந்து மறைந்தவர் ஜோஸையா மார்ஷல் ஹீத்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தராகிய அவர், சேலம் பகுதியில் நம் கொல்லர் சிறு மூசைகளில் எஃகு செய்வதைக் கண்டு வியந்தார். உத்தியோகத்தைத் துறந்தார். கம்பெனியாரின் உதவியுடன் 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை எழுப்பினார். சேலத்துக் கனிக்கல் பரிசல்களில் ஆற்றுவழியே வந்தது. கரிக்குத்தான் பஞ்சம், காடுகள் எத்தனை நாள் தாங்கும்? நம்மவர் கோழிக்கோட்டுப் பக்கம் சென்றால் காணும் பேப்பூரிலும் அத்தொழிலின் கிளை உலை ஒன்று இருந்தது.

பின்னர் இங்கிலாந்து திரும்பிய ஹீத், 1839இல் ஓர் உரிமைப் பத்திரம் பெற்றார். எஃகு உருகும் மூசையில் கரியோடு கூடிய மாங்கனீஸைச் சிறிதளவு இடுவதே அம்முறை. உருகிய எஃகில் தங்கும் பிராணவாயுவும் கந்தகமும் அதனைக் கெடுப்பன. கந்தகம் மிகுந்த எஃகு, செஞ்சூட்டில் சம்மட்டி பட்டால் வெடிக்கும். இரும்பினும் மாங்கனீஸுக்கு இவ்விரண்டின்மேலும் பற்று அதிகம். பிராணவாயுவைக் கவர்ந்து, மணற்சத்துடன் இளகிக் கிட்டமாய் மேலே மிதக்கும். கந்தகத்தையும் இரும்பினின்று பிரித்துத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். இவ்விளக்கம் பிற்கால ரசாயனிகளால் தெளிவுபட்டது. ஷெபீல்டு நகரத்தாருக்கோ விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மலிந்த இரும்பினின்றும் நல்ல எஃகு கிடைத்தது, விலையும் வீழ்ந்தது.

வஞ்சனை அருகிலேயே இருந்தது. ஹீத்தின் முகவராயிருந்த அன்வின் என்பார், மாங்கனீஸ் பஸ்பத்தையும் கரியையும் தனித்தனியே மூசையில் இட்டார். உலைச் சூட்டில் இரண்டும் கூடி ஹீத் சொன்ன பொருளே விளைந்தது. ஆயினும் பத்திரத்தில் எழுதிய பொருள் வேறென்று வாதாடினார். வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியது. ஹீத் 1851இல் காலமானார். 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ரசாயனம் ஒருபுறமும் எழுத்து மறுபுறமும் நிற்க, எழுத்தே வென்றது என்பது எம் கருத்து.

மறு ஆண்டே பெஸ்ஸமர் தம் புதிய எஃகு முறையை வெளியிட்டார். அவ்வெஃகும் காய்ந்த நிலையில் வெடித்தது. அதனைத் திருத்த ராபர்ட் மஷெட் என்பார் கையாண்டதும் மாங்கனீஸ் கலந்த இரும்பே. பரங்கிப்பேட்டை உலையோ கரியின்றி அணைந்துபோயிற்று.