பூட்டின ஆலயத்தில் 54 வருஷம்



இந்த மாதம் ஒரு பழைய ஊழியக்காரருடைய ஜீவியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று இரண்டு வாரமாக உள்ளத்தில் ஒரு பாரம். அவர் பெயர் சார்லஸ் சிமியோன். வேதாகமக் கல்லூரியில் நான் டிப்ளமோ படித்தபோது, சபை சரித்திர வகுப்பில் ஐந்து நிமிஷத்தில் கடந்துபோன பெயர் அது. அங்கியும் ஜெபப் புஸ்தகமுமாய் ஆராதித்த ஆங்கிலிக்கன் குருவானவர். அந்நிய பாஷை கிடையாது, கைத்தட்டல் கிடையாது. நம்மைப் போன்ற சபைக்கு அவரிடம் என்ன இருக்கப்போகுதுன்னு நானும் நினைத்தவன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் சபையில் நடந்ததற்குப் பிறகுதான் அந்தப் பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன்.

சிமியோன் 1759-ம் வருஷம் இங்கிலாந்திலே ரெடிங் என்ற ஊரில் வசதியான வீட்டில் பிறந்தார். நல்ல உடைமேலும் குதிரைமேலும் ஆசை அதிகம். 1779-ல் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரிக்குப் படிக்கப் போனார். போன கொஞ்ச நாளிலேயே ஒரு அறிவிப்பு வந்தது. மூன்று வாரத்தில் ஒவ்வொரு மாணவனும் திருவிருந்து எடுத்தாக வேண்டும், அது கல்லூரிச் சட்டம். வாலிபன் நடுங்கிப்போனார். தன் பாவ நிலையில் அந்தப் பந்தியில் பங்கெடுக்கப் பிசாசுக்கு இருக்கிற தகுதிதான் தனக்கும் இருக்கு என்று அவருக்குத் தோன்றியது. உபவாசித்தார், அழுதார், கிடைத்த புஸ்தகத்தையெல்லாம் வாசித்தார். கடைசியில் ஒரு புஸ்தகத்திலே, பலியாடு கொண்டுவருகிறவன் தன் பாவத்தை அதன் தலையில் சுமத்துகிறதைப் பற்றி வாசித்தபோது கண் திறந்தது. தன் பாவத்தையும் இயேசுவின்மேல் வைத்துவிடலாமே! அந்த வருஷம் ஏப்ரல் 4, ஈஸ்டர் ஞாயிறு காலையிலே பாரம் நீங்கினவராய்க் கண் விழித்தார். வழிகாட்ட ஒரு விசுவாசிகூட பக்கத்தில் இல்லை.

1782-ல் அந்தக் கல்லூரி ஊரிலேயே பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குப் போதகர் தேவைப்பட்டது. பிஷப் சிமியோனை நியமித்தார். அப்போது அவருக்கு வயது 23. சபையாரோ உதவிப் போதகராக இருந்த ஹாமண்ட் என்பவரைக் கேட்டிருந்தார்கள். சிமியோன் விலகிக்கொண்டாலும் ஹாமண்டுக்குக் கொடுக்கமாட்டேன் என்று பிஷப் சொல்லிவிட்டார். சபையாருக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை.

அந்தக் காலத்து ஆலயங்களில் பெஞ்சுகள் இப்போது மாதிரி இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு பெஞ்சு, சுற்றிலும் பலகை அடைப்பு, அதற்கு ஒரு சின்னக் கதவு, கதவுக்குப் பூட்டு. சபையார் தங்கள் பெஞ்சுகளைப் பூட்டி, சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாங்களும் வரவில்லை, வந்தவர்களையும் உட்கார விடவில்லை. பிரசங்கம் கேட்க வந்த ஏழைகளும் வெளியூராரும் நடைபாதையில் நின்றுகொண்டே கேட்டார்கள். சிமியோன் தன் சொந்தக் காசில் பெஞ்சுகள் வாங்கி நடைபாதையில் போட்டார். ஆலய நிர்வாகிகள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள்.

ஞாயிறு பிற்பகல் பிரசங்கத்துக்கு ஆள் தெரிந்தெடுக்கிற உரிமை சபையார் கையில் இருந்தது. ஐந்து வருஷம் ஹாமண்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஏழு வருஷம் வேறொருவருக்கு. சிமியோன் மாலையில் ஒரு கூட்டம் ஆரம்பித்தார். ஜனங்கள் தெருவில் நிற்க, நிர்வாகிகள் ஆலயக் கதவையே பூட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பூட்டைத் திறக்க வைத்தார். அந்த ஒரு தரம்தான். பிறகு சண்டை வேண்டாமென்று அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டார். வீடு சந்திக்கப் போனாலும் ஏறக்குறைய ஒரு கதவும் திறக்கவில்லை. வாலிப மாணவர்கள் ஆராதனைக்கு நடுவே கலாட்டா செய்தார்கள், ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள்.

ஒரு மாசமல்ல பிரியமானவர்களே, பத்து வருஷத்துக்கு மேல்! நாம் ஒரு ஞாயிறு காணிக்கை குறைந்தால் சோர்ந்துபோகிறோம்.

2 தீமோத்தேயு 2:24-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். சிமியோன் அந்த நாட்களில் அந்த ஒரு வசனத்தைத்தான் பிடித்துக்கொண்டார். வருகிறவர்கள் பாதிப் பேராக இருந்தாலும் தேவன் அவர்களுக்கு இரட்டிப்பாய் ஆசீர்வாதம் கொடுத்தால் கணக்கு சரியாய்ப் போகுமே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். நான் பகலில் ஒரு ஆலையில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

1792-ல் சட்டமும் அவர் பக்கம் வந்தது. குடும்பங்கள் வராமலே இருந்துகொண்டு காலம் முழுக்கப் பெஞ்சைப் பூட்டி வைக்க உரிமையில்லை என்று தீர்வு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டும் அவர் உபயோகப்படுத்தவில்லை. இந்த இடத்தில்தான் நான் நோட்டை மூடிவிட்டு முழங்காலில் நின்றேன்.

ஏனென்றால் நம் சபையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கட்டிடக் கணக்கு விஷயத்தில் பேச்சு முற்றி ஏழு குடும்பங்கள் வராமல் போனார்கள். பாயும் தபேலாவும் மைக் செட்டும் இருந்த பக்கத்து அறைக்குப் பூட்டு விழுந்தது. சாவி வரவில்லை. வெறுந்தரையில் உட்கார்ந்து ஆராதித்தோம். இடத்துப் பத்திரம் என் கையில் இருந்தது. பூட்டை உடைக்கலாம் என்றார்கள் வாலிபர், வக்கீலைப் பார்க்கலாம் என்றார்கள் பெரியவர்கள். இரண்டுக்கும் என் மாம்சம் ஆசைப்பட்டது. ஆனால் ஒரு காரியத்தை இதுவரை நான் எழுதினதில்லை. அந்தப் பேச்சு முற்றினதே பிரசங்கபீடத்திலிருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான். ஒரு மூப்பரின் கணக்கைப் பற்றி, ஜாடையாக, எல்லார் முன்னும். வீட்டில் என் மனைவி அன்றைக்கே சொன்னாள், நான் கேட்கவில்லை.

சிமியோனும் நாக்கிலே கொஞ்சம் கடினம்தான். முன்கோபி, தற்பெருமையும் இருந்தது. கேம்பிரிட்ஜுக்கு அருகே யெல்லிங் என்ற கிராமத்தில் ஹென்றி வென் என்ற வயசான போதகர் இருந்தார். சிமியோன் அடிக்கடி குதிரையேறி அவரைத் தேடிப் போவார். அவர் விடைபெற்றுப் போனதும் வென் ஐயரின் பெண்பிள்ளைகள் அவருடைய முகபாவனையையும் தோரணையையும் சொல்லிச் சிரித்தார்களாம். தகப்பனார் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பீச் பழம் பறிக்கச் சொன்னார். அப்போது காய் பச்சையாய் இருந்தது. இன்னும் வெயிலும் மழையும் பட்டால் பழுக்கும், சிமியோனும் அப்படித்தான் என்று பிள்ளைகளுக்கு விளங்கவைத்தார். அந்த வெயில் எதுவென்று பார்த்தால், பூட்டின பெஞ்சுகள்தான்.

விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பார். தூங்கிவிட்டால் ஒரு பொற்காசை ஆற்றில் எறிவதாகத் தீர்மானம் பண்ணி, ஒருநாள் நிஜமாகவே எறிந்தாராம். (நம்ம ஊரில் ஆற்றிலும் தண்ணி இல்லை, கையிலும் பொற்காசு இல்லை, வேறு வழிதான் பார்க்கணும்.) 1788-ல் ரொட்டி விலை ஏறி ஏழைகள் தவித்தபோது, பக்கத்து 24 கிராமங்களில் பாதி விலைக்கு ரொட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். அது ஒழுங்காய்ப் போய்ச் சேருகிறதா என்று திங்கட்கிழமைதோறும் குதிரையில் போய்ப் பார்த்தார். அப்போது அவருடைய சொந்த ஆலயத்தில் பெஞ்சுகள் பூட்டித்தான் கிடந்தன.

1794-ல் பிற்பகல் பிரசங்கத்துக்குச் சபையார் அவரையே தெரிந்தெடுத்தார்கள். அதோடு எல்லாம் சுகமாச்சுன்னு நினைக்காதீங்க. 1812 வாக்கில், அவர் தாமே வளர்த்த ஜெபக்குழுக்களுக்குள்ளிருந்தே ஒரு எதிர்ப்பு கிளம்பியது. 30 வருஷ ஊழியத்துக்குப் பிறகு! மனம் உடைந்த ஒரு நாளில் புதிய ஏற்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்துபோய், ஆறுதலாக ஒரு வசனம் கேட்டுத் திறந்தார். கண்ணில் பட்டது சிரேனே ஊரானாகிய சீமோன், கர்த்தருடைய சிலுவையைச் சுமக்கும்படி பிடிக்கப்பட்டவன். சீமோன், சிமியோன், இரண்டும் ஒரே பெயர்தானே. அந்தச் சுமையைத் தன்மேலும் வைக்கும்படி சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு திரும்பினார்.

அவரிடம் உதவிப் போதகராக இருந்த ஹென்றி மார்ட்டின் 1805-ல் இந்தியாவுக்குக் கப்பலேறி, உருதுவிலும் பாரசீகத்திலும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 31 வயசில் மரித்தார். சிமியோனால் ஏவப்பட்டு ஊழியத்துக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப், 1816-ல் பாளையங்கோட்டைக்குக் குருவாக வந்தார். மிஷனெரிகளை அனுப்பும்படி அவர் எழுதிக் கேட்டதன் பலனாக 1820-ல் ரேனியஸ் ஐயர் அங்கே வந்தார். திருநெல்வேலியில் உங்களுக்கு உறவு இருந்தால் அங்கே எத்தனை கோபுரம் என்று எண்ணிப் பாருங்கள்.

1836 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு மணி அடிக்கும் நேரத்தில் சிமியோன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதே ஆலயத்தில் 54 வருஷம். அடக்க நாளில் ஊரில் கடைகளை அடைத்தார்கள். ஒரு காலத்தில் மாணவர்கள் ஜன்னல் உடைத்த ஊரில், பல்கலைக்கழகத்தார் சுமார் 1500 பேர் அங்கி அணிந்து வந்து நின்றார்கள்.

பக்கத்து அறைப் பூட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. அந்த மூப்பர் வீட்டுக்குப் போய் நான் மன்னிப்புக் கேட்டேன். திண்ணையில் உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், வேறொன்றும் பேசவில்லை. இந்தப் பத்திரிகை மாதாமாதம் அந்த ஏழு வீட்டுக்கும் தபாலில் போகிறது. விலாசத்தை நான்தான் என் கையால் எழுதுகிறேன். போன மாதம் ஒன்று வாங்கப்படாமல் திரும்பி வந்தது. இந்த மாதமும் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஏழு வீட்டாரையும் பேர் சொல்லி ஜெபிக்கப்போகிறோம், முடிந்தவர்கள் பத்து மணிக்கே வந்துவிடுங்கள். உட்கார ஒரு போர்வை கொண்டுவாருங்கள்.